பள்ளிக்கூடத்தின் ஆண்டுக் கணக்கு: வணிகர்கள் கற்க வேண்டிய ஒரு பாடம்



பெருநாள் சரக்கைப் பெருநாளுக்கு முதல் நாள் கொள்முதல் செய்யும் வணிகர் நம்மில் எவருமில்லை. சென்ற வருஷம் எவ்வளவு விற்றது, கையிருப்பு எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு என்று பேரேட்டைப் புரட்டிப் பார்த்து, மூன்று மாதங்களுக்கு முன்பே ஆர்டர் கொடுத்து விடுகிறோம். மஸ்ஜித் இந்தியா சாலையாயினும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையாயினும் வியாபாரம் நடக்கும் முறை இதுதான்.

ஆனால் நம் ஊர்த் தமிழ் ஆரம்பப் பள்ளிகளுக்கு நாம் பணம் கொடுக்கும் முறை இதற்கு நேர்மாறாக இருக்கிறது. கூரை ஒழுகிய பிறகு ரசீதுப் புத்தகத்துடன் கடை கடையாக ஏறுகிறார்கள். நாமும் கல்லாவிலிருந்து ஐம்பதோ நூறோ எடுத்துக் கொடுக்கிறோம். நல்ல மனத்துடன்தான் கொடுக்கிறோம். எனினும், திட்டமின்றிக் கேட்கப்படும் பணமும் திட்டமின்றிக் கொடுக்கப்படும் பணமும் ஒரு பள்ளிக்கூடத்தை நிலைநிறுத்த மாட்டா. பள்ளிக்கூடத்தின் வருடாந்திர வரவு செலவுத் திட்டம் எப்படி அமைகிறது, அதில் நமது இடம் எது என்பதை இக்கட்டுரையில் ஒரு பாடமாக ஆராய்வோம்.

1. சர்க்கார் கொடுப்பது எது? ஊரார் பொறுப்பு எது?

இந்நாட்டுத் தமிழ்ப் பள்ளிகள் பல தோட்டங்களில் பிறந்தவை. 1923-ஆம் வருடத்துத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் வசிக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டுமென்று விதித்தது. நிலம் கம்பெனியுடையது, கொட்டகையும் கம்பெனியுடையது. பட்டணத்திலோ சங்கங்களும் ஆசிரமங்களும் பள்ளிகளைத் தோற்றுவித்தன. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப் பள்ளி 1914-ல் அவ்வாறு தோன்றியதாகும்.

1956-ஆம் வருடத்து ரசாக் அறிக்கைக்கும் 1957-ஆம் வருடத்துக் கல்விச் சட்டத்துக்கும் பின்னர் தமிழ்ப் பள்ளிகள் தேசியக் கல்வி அமைப்புக்குள் வந்தன. 1962-ல் ஆரம்பப் பள்ளிச் சம்பளம் நீக்கப்பட்டது. இன்று 1996-ஆம் வருடத்துக் கல்விச் சட்டத்தின் கீழ் இரண்டு வகைப் பள்ளிகள் உள்ளன. நிலமும் கட்டடமும் சர்க்காருடையதாக இருப்பது முழு உதவி பெறும் பள்ளி. நிலம் தோட்டக் கம்பெனிக்கோ ஆலயத்துக்கோ வேறு தனியாருக்கோ சொந்தமாக இருப்பது பகுதி உதவி பெறும் பள்ளி. தமிழ்ப் பள்ளிகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகையே.

ஆசிரியர் சம்பளத்தை இரு வகைக்கும் சர்க்கார் கொடுக்கிறது. பாடநூல்களையும் இரவலாகத் தருகிறது. ஆனால் பகுதி உதவி பெறும் பள்ளியின் கட்டடத்தைப் பேணுவது பள்ளி வாரியத்தின் பொறுப்பாக இருந்து வந்திருக்கிறது. சர்க்கார் அவ்வப்போது விசேஷ மானியம் அளிப்பதுண்டு. அது வந்தால் நன்மை, ஆனால் அதை நிச்சய வரவாக எழுதலாகாது. இந்த வேறுபாட்டை அறியாதவர்தாம், “சர்க்கார் பள்ளிதானே, நாம் ஏன் கொடுக்க வேண்டும்?” என்று கேட்கிறார்கள்.

2. தலைக்கணக்கு

பாடங்களுக்கும் நூலகத்துக்கும் புறப்பாட நடவடிக்கைகளுக்கும் சர்க்கார் தரும் மானியம், பெரும்பாலும் மாணவர் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் வருகிறது. ஒவ்வொரு தொகையும் அதற்குரிய தலைப்பில்தான் செலவிடப்பட வேண்டும். அறிவியல் பாடத்துக்கு வந்த பணத்தைக் குழாய் பழுது பார்க்க எடுத்துவிட முடியாது.

கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப் பள்ளியைப் போல் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள இடத்தில் தலைக்கணக்கு ஓரளவு தாங்கும். 150-க்குக் குறைவான பிள்ளைகள் உள்ள பள்ளிகளை அமைச்சு ‘மாணவர் குறைந்த பள்ளி’ என்று வகைப்படுத்துகிறது. அத்தகைய பள்ளிகளில்தான் சங்கடம் தோன்றுகிறது. பிள்ளைகள் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தலைக்கணக்கு மானியமும் ஏறத்தாழ அவ்வளவு குறையும். ஆனால் கூரை பத்தில் ஒரு பங்கு சுருங்குவதில்லை. வேன் கூலியும் குறைவதில்லை. வாடிக்கைக்காரர் குறைந்தாலும் கடை வாடகை குறையாததை அறிந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நல்ல வேளையாக, அடுத்த வருஷத் தொகையை முன்கூட்டியே அறிய ஒரு சுலபமான வழி உண்டு. முதலாம் ஆண்டுக்குரிய பதிவு வெகு முன்னதாகவே நடந்து விடுகிறது. ஆகவே, இவ்வருடத்து மொத்தத் தொகையிலிருந்து ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கழித்து, புதிதாகப் பதிந்தவர்களைக் கூட்டினால் போதும். உதாரணமாக, 120 பிள்ளைகளில் 24 பேர் ஆறாம் ஆண்டை முடித்துச் செல்கிறார்கள், 12 பேர் புதிதாகச் சேருகிறார்கள் என்றால், அடுத்த வருஷம் 108 பேர். இந்த ஒரு வரிக் கணக்கைப் போடாத வாரியம், மானியம் குறைந்து வந்த பிறகுதான் விழித்துக் கொள்ளும்.

3. உமறுப் புலவர் பள்ளி தரும் படிப்பினை

பிள்ளைகள் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் சமூகத்தின் சரித்திரத்திலேயே சான்று இருக்கிறது. சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-ல் தஞ்சோங் பாகார் வட்டாரத்தில் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. பெரும் தனவந்தர்கள் நிறைந்த சமூகமன்று அது. உடலுழைப்பாளரும் சிறு வியாபாரிகளும் நிறைந்த சமூகம். எனினும் அப்பள்ளி வளர்ந்து 1960-ல் உயர்நிலைப் பள்ளியாகி, பல தலைமுறைகளுக்குத் தமிழில் கல்வி அளித்தது. பின்னர் பெற்றோர் ஆங்கிலக் கல்வியை நாடியதால் மாணவர் தொகை தேய்ந்தது. 1982-ல் பள்ளி மூடப்பட்டது. இன்று அப்பெயர் அங்குள்ள தமிழ்மொழி நிலையத்தில் நிலைத்திருக்கிறது.

இங்கும் நிலைமை கவலைக்குரியதே. சுதந்திரம் பெற்ற 1957-ல் எண்ணூறுக்கு மேல் இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று ஐந்நூறுக்குச் சற்று அதிகம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது மக்கள் இடம் பெயர்ந்தார்கள், பள்ளிகள் பின்தங்கின. பணம் மட்டும் இதைத் தடுத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் பெற்றோர் ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கழிவறையைப் பார்க்கிறார்கள். வேன் வருமா என்று கேட்கிறார்கள். மாலை வகுப்பு உண்டா என்று விசாரிக்கிறார்கள். இவை மூன்றும் வரவு செலவுத் திட்டத்தின் விஷயங்களே. திட்டம் தவறினால் பிள்ளைகள் குறைவார்கள். பிள்ளைகள் குறைந்தால் மானியம் குறையும். மானியம் குறைந்தால் பள்ளி மேலும் சீர்கெடும். இச்சுழலை எங்காவது ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும்.

4. பட்டியல் முதலில், பணம் பிறகு

இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி தமிழகத்தில் உண்டு. காமராஜர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958-ல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. அவ்வியக்கத்தின் வழி எளிமையானது. ஒவ்வொரு பள்ளிக்கும் இன்னின்ன பொருள் தேவை, இன்ன விலை ஆகும் என்று முதலில் பட்டியல் தயாரித்தார்கள். பிறகு ஊராரை அழைத்து, அவரவர் விரும்பியதை ஏற்றுக்கொள்ளச் செய்தார்கள். ஒருவர் கரும்பலகை, ஒருவர் நாற்காலி, ஒருவர் வகுப்பறை என்று பெயர் கொடுத்தார்கள். ஏழைக் கிராமங்களும் இதில் பங்கு கொண்டன.

கொடுப்பவருக்குத் தன் பணம் எங்கே போகிறது என்பது கண்ணால் தெரிந்தது. வாங்குபவருக்கோ தேவைக்கு மேல் கேட்க இடமில்லை. இம்முறை வெற்றி பெற்றதற்கு இதுவே காரணம். நம் பள்ளிகளுக்கும் இம்முறை பொருந்தும்.

5. ஒரு மாதிரித் திட்டம்

விளங்குவதற்காக 120 பிள்ளைகள் உள்ள ஒரு பகுதி உதவிப் பள்ளியை எடுத்துக் கொள்வோம். பின்வரும் எண்கள் உதாரணத்துக்காக வைத்துக் கொண்டவை. சர்க்கார் மானியம் போக, வாரியம் தேட வேண்டிய வருடச் செலவு இவ்வாறு இருக்கலாம்:

வேன் கூலியில் உதவி, 30 பிள்ளைகளுக்கு மாதம் 40 வெள்ளி வீதம் 10 மாதம்: 12,000 வெள்ளி.
மாலை வகுப்பு, இருவருக்கு மாதம் 300 வெள்ளி வீதம் 10 மாதம்: 6,000 வெள்ளி.
கூரை, கழிவறை, வர்ணப் பூச்சு: 8,000 வெள்ளி.
மின்கம்பி சோதனை, தீயணைப்புக் கருவி: 2,000 வெள்ளி.
விளையாட்டு, போட்டிகள்: 3,000 வெள்ளி.
கணினி பழுதும் புதுப்பிப்பும்: 3,000 வெள்ளி.

கூட்டுத் தொகை 34,000 வெள்ளி. எதிர்பாராத செலவுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் 3,400 வெள்ளி ஒதுக்கினால் மொத்தம் 37,400 வெள்ளி ஆகிறது. இந்த ஒதுக்கீட்டை வீண் என்று எவரும் கருத வேண்டாம். புயற்காற்று வீசிக் கூரைத் தகடு பறந்தால், வசூலுக்குப் புறப்படாமல் மறுநாளே வேலையைத் தொடங்க உதவுவது இதுவே.

இனி வரவைப் பார்ப்போம். சிற்றுண்டிச்சாலை வாடகை 2,500 வெள்ளி. 80 குடும்பங்கள் மனமுவந்து தலா 50 வெள்ளி கொடுத்தால் 4,000 வெள்ளி. வருடத்தில் ஒரு நிதி விருந்தின் மூலம் 6,900 வெள்ளி. ஆக 13,400 வெள்ளி. பற்றாக்குறை 24,000 வெள்ளி.

24,000 என்ற தொகையைக் கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அது மாதத்துக்கு 2,000 வெள்ளி. இருபது கடைகள் மாதம் நூறு வெள்ளி வீதம் ஏற்றுக்கொண்டால் குறை தீர்ந்தது. அவசரத்துக்கு வரும் ஐந்நூறு வெள்ளியைக் காட்டிலும், மாதந்தோறும் தவறாமல் வரும் நூறு வெள்ளி பள்ளிக்குப் பெரிய பலம். ஏனெனில் நிச்சயமான வரவை நம்பித்தான் வேன்காரரிடம் வருட ஒப்பந்தம் பேச முடியும். ஆசிரியரிடம் வாக்குக் கொடுக்க முடியும்.

பிள்ளைகள் 108 ஆகக் குறைந்து செலவு மாறாதிருந்தால், தலைக்குச் சுமார் 312 வெள்ளியாக இருந்த செலவு சுமார் 346 வெள்ளியாக ஏறும். ஆகவே, திட்டத்தில் புதிய பிள்ளைகளைச் சேர்க்கும் முயற்சிக்கும் ஓர் இடம் வேண்டும். வேன் செல்லும் தடத்தை அடுக்குமாடிக் குடியிருப்புகள் வரை நீட்டுவது அத்தகைய செலவாகும்.

6. மாதமும் கணக்கும்

2022 முதல் சில வருடங்கள் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தொடங்கிய பள்ளியாண்டு, 2026-ல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பியது. ஆகவே ஆகஸ்டில் தலைமையாசிரியரும் வாரியத்தாரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் பள்ளியைச் சுற்றிப் பார்த்துப் பட்டியல் எழுதலாம். செப்டம்பரில் ஒவ்வொரு வேலைக்கும் மூன்று விலைக் குறிப்புகள் வாங்கலாம். அக்டோபரில் அவசியமானது, வேண்டியது, பொறுக்கக்கூடியது என்று மூன்றாகப் பிரிக்கலாம். நவம்பரில் திட்டத்தை நிறைவேற்றி, நன்கொடையாளரை அழைக்கலாம்.

சர்க்கார் பணமும் பொதுமக்கள் நன்கொடையும் பள்ளியின் புத்தகங்களில் தனித்தனிக் கணக்காக வைக்கப்படுகின்றன. வாரியத்தின் பணமும் அவ்வாறே தனித்து நிற்க வேண்டும். ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது, காசோலைக்கு இருவர் கையொப்பம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை ‘திட்டமிட்டது இவ்வளவு, செலவானது இவ்வளவு’ என்ற ஒரு பக்க அறிக்கை: இம்மூன்றும் இருந்தால் சந்தேகத்துக்கு இடமிராது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது நம் மார்க்கம் நமக்குக் கற்பித்த பழக்கமேயன்றோ!

வரி விஷயத்தையும் வணிகர் அறிந்திருப்பது நலம். 1967-ஆம் வருடத்து வருமான வரிச் சட்டத்தின் 44(6)-ஆம் பிரிவின்படி, அங்கீகாரம் பெற்ற நிதிக்கு அளிக்கும் ரொக்க நன்கொடையை மொத்த வருமானத்தில் 10 சதவிகிதம் வரை கழித்துக் கொள்ளலாம். எல்லாப் பள்ளி நிதிக்கும் அந்த அங்கீகாரம் இருக்குமென்று எண்ணிவிடக் கூடாது. கொடுக்கும் முன் கேட்டறிய வேண்டும். ஜகாத்தோ தனிக் கடமை, அதற்குரியவர்கள் வரையறுக்கப்பட்டுள்ளனர், அதைச் செலுத்த மாநில சமய மன்றங்களின் ஏற்பாடும் உண்டு. அதைக் கூரைச் செலவுடன் கலக்காமல், பள்ளிக்குரியதை நம் தருமக் கணக்கிலிருந்து கொடுப்பதே முறை.

7. நமது பங்கு

“நம் பிள்ளைகளில் பலர் தேசியப் பள்ளிக்கல்லவா போகிறார்கள்?” என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் நம் கடைப் பெயர்ப்பலகை தமிழில் நிற்கிறது. நம் வாடிக்கையாளர் பலர் தமிழர். நம் சங்கத்தின் இந்த ஏட்டைப் படிப்பதற்கும் நாளை தமிழ் அறிந்தவர் வேண்டும். அந்த வாசகர் உருவாகும் இடம் ஆரம்பப் பள்ளியின் முதலாம் வகுப்பு. நம் வீட்டுப் பிள்ளை அந்த வகுப்பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவ்வகுப்பு நடப்பதில் நமக்குப் பங்குண்டு.

மேலும், பணத்தைவிட அரிதான ஒன்று நம்மிடம் இருக்கிறது. அது கணக்குப் பார்க்கும் அனுபவம். விலை பேசத் தெரிந்தவரும், கொட்டேஷனில் உள்ள மிகையைக் கண்டு பிடிப்பவரும், ஐந்தொகை போடத் தெரிந்தவரும் பல பள்ளி வாரியங்களுக்குத் தேவை. தலைமையாசிரியர் பாடம் நடத்தக் கற்றவர். தகர விலை அறிந்தவர் நாமே.

ஆகவே, இவ்வட்டாரத்தில் உள்ள ஒவ்வொரு வணிகச் சகோதரரும் தமக்கு அருகிலுள்ள தமிழ்ப் பள்ளிக்கு ஒரு முறை சென்று, “அடுத்த வருஷத் திட்டத்தைக் காட்டுங்கள்” என்று கேட்பாராக. திட்டம் இருந்தால் அதில் ஒரு வரியைத் தம் பெயரில் ஏற்றுக் கொள்வாராக. திட்டம் இல்லையெனில், அதை எழுத அவர்களோடு உட்காருவாராக.