காதை மூடும் ஹெட்ஃபோன்: சுகமும் ஒலியும்

காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோனில் சுகத்தையும் ஒலியையும் தனித்தனியாக எடைபோட முடியாது. காதைச் சுற்றி உட்காரும் இயர்பேட்தான் இரண்டையும் தீர்மானிக்கிறது. அது தோலோடு இடைவெளியில்லாமல் படிந்தால் பாஸ் நிற்கும். இடுக்கு விழுந்தால் கசிந்துவிடும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் மூடிய வகை ஹெட்ஃபோனில் ஒரு பாட்டைக் கேட்கும்போதே கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால் போதும், கீழ்ஸ்தாயி சட்டென்று கனப்பது தெரியும். காதுக்கு மேல் கண்ணாடிக் காம்பு உண்டாக்கும் இடுக்கே அதுவரை பாஸை வெளியே விட்டுக்கொண்டிருந்தது.

சென்ஹைசரின் எச்டி 600, பேயர்டைனமிக்கின் டிடி 770 ப்ரோ என்ற இரண்டு ஜெர்மானிய ஹெட்ஃபோன்களை ஒப்பிட்டால் சுகமும் ஒலியும் பின்னிக் கிடப்பது நன்றாக விளங்கும். 1997இல் வந்த எச்டி 600, கிண்ணத்தின் வெளிப்புறம் அடைபடாத திறந்த வகை. டிடி 770 அது அடைபட்ட மூடிய வகை. வயரை விட்டுவிட்டால் முன்னது சுமார் 260 கிராம், பின்னது 270. எடையில் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் தலையில் மாட்டினால் இரண்டும் ஒன்றல்ல. புது எச்டி 600 நெற்றிப்பொட்டுக்குக் கீழே இறுக்கிப் பிடிக்கும். தலைப்பட்டையை இருபுறமும் முழுதாக வெளியே இழுத்து, அதன் எஃகுப் பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்புறம் வளைத்தால் பிடி தளரும். அதிகம் வளைத்தால் இயர்பேட் சரியாகப் படியாது. டிடி 770இன் வட்டமான வெல்வெட் பேட் முதல் நாளிலிருந்தே மென்மையாக உட்காரும்.

கடையில் ஐந்து நிமிடம் மாட்டிப் பார்த்து முடிவெடுப்பது சரிவராது. உச்சந்தலையில் வலி எடுக்க ஒரு மணி நேரமாவது ஆகும். ஒரு முழுக் கச்சேரியைக் கேட்டு முடிக்கிற வரை தலையில் இருந்தால்தான் ஹெட்ஃபோனின் குணம் தெரியும்.

ஒலியைச் சோதிக்கவும் கச்சேரிப் பதிவு நல்ல கருவி. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக் கும்கி டிடி 770இல் வயிற்றில் இறங்குகிற மாதிரி முழுசாகக் கேட்கும். எச்டி 600இல் அதன் அடிப்பாகம் மெலியும். ஆனால் பாடகரின் குரலும், வயலின் வில் தந்தியில் உரசும் நுண்ணிய சத்தமும் அதில் வருகிற அளவுக்கு இயல்பாக வேறொன்றில் வருவது அரிது. டிடி 770இன் குறை மேல்ஸ்தாயியில். ஜால்ராவும், பாட்டில் வரும் ‘ஸ’கரமும் கூர்மையாகக் குத்தும். தலை வலிக்காத ஹெட்ஃபோனே காதைக் களைப்படைய வைக்கும் இடம் இது. நீண்ட நேரம் கேட்பவருக்கு இந்தக் களைப்பும் சுகக்குறைவுதான்.

ஒப்பிடும்போது முதலில் சத்த அளவைச் சமன்செய்ய வேண்டும். எச்டி 600இன் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 300 ஓம். டிடி 770 கிடைக்கும் வடிவங்களில் ஒன்று 80 ஓம். ஒரே போனில், ஒரே வால்யூமில் முன்னது மெல்லிதாகவே ஒலிக்கும். சத்தம் கூடியது எதுவோ அதையே காது நல்லது என்று எடுத்துக்கொள்ளும். அதனால் ஒரே வரியை இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டு, குரல் ஒரே அளவில் வரும்வரை வால்யூமைத் திருத்திய பிறகே தீர்ப்பு சொல்லலாம். எச்டி 600க்குத் தனி ஆம்ப் இருப்பது நல்லது.

திறந்த வகையில் மின்விசிறிச் சத்தம் உள்ளே வரும், பாட்டு வெளியே போகும்; பேருந்துக்கோ அலுவலகத்துக்கோ அது ஆகாது. வீட்டின் அமைதியில் அதற்கு ஈடில்லை, காதும் அவ்வளவாகப் புழுங்காது. மூடிய வகை வெளிச்சத்தத்தைத் தடுக்கும், கூடவே வெக்கையையும் அடைத்துவைக்கும். வெயில் காலத்தில் ரெக்ஸின் பேட் வியர்வையில் ஒட்டும், நாளடைவில் செதில் செதிலாக உரியும். வெல்வெட் ஒட்டாது, ஆனால் தூசியும் முடியும் சேரும்.

எந்தப் பேடும் காலப்போக்கில் அமுங்கும். காது மடல் உள்ளிருக்கும் துணியைத் தொட ஆரம்பித்தால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. அதற்குள் ஒலியும் மாறியிருக்கும், ஆனால் மெல்ல மெல்ல மாறுவதால் கேட்பவருக்குத் தெரிந்திருக்காது. மாற்றும்போது அதே நிறுவனத்தின் அதே வகைப் பேடையே வாங்க வேண்டும். வெல்வெட்டுக்குப் பதில் ரெக்ஸினைப் போட்டால் பாஸும் மேல்ஸ்தாயியும் இடம் மாறி, வேறொரு ஹெட்ஃபோனைக் கேட்பதுபோல ஆகிவிடும்.