நெஞ்சுப் படபடப்பும் பீட்டா பிளாக்கர் மாத்திரையும்



இந்த இதழின் ஆரோக்கியப் பாடத்துக்கு ஒரு சிறிய மாத்திரையை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் ப்ரொப்ரனோலால். பீட்டா பிளாக்கர் என்னும் மருந்து வகையில் மூத்தது. விலை மலிவு. பார்வைக்கு விசேஷமாக ஒன்றும் இல்லை. தக்க ஆளுக்குத் தக்க அளவில் கொடுத்தால் பல வருடப் படபடப்பைத் தணிக்கும். தகாத ஆளுக்குக் கொடுத்தால் ஒரே மாத்திரையில் மூச்சுத் திணறலை உண்டாக்கிவிடும். மலைமேல் வசிக்கிறவர்களுக்கு இதைக் கொடுக்கும்போது, சமவெளியில் அவ்வளவாக யோசிக்கத் தேவையில்லாத சில காரியங்களையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே கொல்லிமலையின் குண்டூர் நாட்டை மனதில் வைத்துக்கொண்டு இப்பாடத்தைப் படிப்போம்.

கொல்லிமலைக்குப் போயிராதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாமக்கல் மாவட்டத்தில், ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் உள்ள மலை அது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் மேலே போக வேண்டும். அங்கே ‘நாடு’ என்றால் தேசம் அல்ல; சில ஊர்கள் சேர்ந்த ஒரு பிரிவு. குண்டூர் நாடு, வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு என்று அப்படிப் பல உண்டு. அங்கு வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தார் என்று எண்ணிவிட வேண்டாம். மலையை ஆளுகிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள், பேச்சும் தமிழே. சாமை, கேழ்வரகு, மரவள்ளி, அன்னாசி, மிளகு, காப்பி ஆகியவை விளைகின்றன. செம்மேட்டில் அரசு மருத்துவமனை உண்டு. அதற்கு மேல் தேவைப்பட்டால் நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ இறங்க வேண்டும்.

இந்த 70 வளைவுகளை மறந்துவிடாதீர்கள். பாடத்தின் பிற்பகுதியில் அவை மறுபடியும் வரும்.

நெஞ்சு ஏன் அடித்துக்கொள்கிறது?

“பட படன்னு வருதுங்க.” நோயாளிகள் சொல்வது பெரும்பாலும் இவ்வளவுதான். இந்த ஒரு வாக்கியத்துக்குள் பத்து வியாதிகள் ஒளிந்திருக்கலாம். ஒரு வியாதியும் இல்லாமலும் இருக்கலாம்.

ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை துடிக்கிறது. விறகுக் கட்டோடு மேடு ஏறினால் கூடும். நடைபாதையில் பாம்பைக் கண்டாலும் கூடும். அப்போது சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. இதயத்தின் தசைகளில் அதை ஏற்றுக்கொள்ளும் சிறு வாசல்கள் உண்டு. இவற்றில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை இருக்க வேண்டும் என்று 1948-ல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் என்ற அமெரிக்கர் எழுதினார். அப்போது அதை மதித்தவர்கள் வெகு சிலரே.

மதித்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். நெஞ்சுவலிக்காரரின் இதயத்துக்கு இரத்தத்தைக் கூட்டித் தர எல்லாரும் வழி தேடியபோது, அவர் தலைகீழாக யோசித்தார்: இதயத்தின் வேலையைக் குறைத்தால் என்ன? பீட்டா வாசலில் அட்ரினலின் நுழையாதபடி இன்னொரு பொருளை வைத்து அடைத்துவிட்டால் இதயம் நிதானமாக நடக்குமல்லவா? இப்படி 1964-ல் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ப்ரொப்ரனோலால் பிறந்தது. 1988-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதற்கு முன் படபடப்புக்கு என்ன செய்தார்கள்? இங்கே கொல்லிமலையோடு சம்பந்தப்பட்ட ஒரு செய்தி உண்டு. 1913 முதல் அம்மலையில் வைத்தியமும் ஊழியமும் செய்த ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் தம்பதியர் காலத்தில் மலேரியாவுக்கு மருந்து கொயினா. அதே காலத்தில், 1912-ல், வென்கபாக் என்ற டச்சு மருத்துவரிடம் ஒரு வியாபாரி வந்தார். அவருடைய நாடி தாறுமாறாக ஓடும். ஒரு கிராம் கொயினா சாப்பிட்டால் மறுநாள் அது சீராகிவிடுகிறது என்று சொன்னதோடு நில்லாமல், செய்தும் காட்டினார். மலேரியா மருந்தின் நெருங்கிய உறவான கொயினிடின் அதன் பிறகே இதய மருந்தானது. ஜெஸ்ஸி பிராண்டோ 1929-ல் மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். கொயினா கையில் இருந்தும் உயிர் தங்கவில்லை.

பயமும் படபடப்பும்

நெஞ்சு அடித்துக்கொண்டால் மனிதனுக்குப் பயம் வருகிறது. பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கிறது. அட்ரினலின் சுரந்தால் நெஞ்சு இன்னும் அடித்துக்கொள்கிறது. செக்கு மாடு போல இது சுற்றிச் சுற்றி வரும். கை நடுங்கும், வேர்க்கும், தொண்டை அடைக்கும், “இதோ செத்துப்போகிறேன்” என்று தோன்றும். இப்படித் திடீரென எழும் பீதி பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும். கிராமங்களில் இதைக் ‘காத்து கருப்பு’ என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். பட்டணத்தில் நள்ளிரவில் ஆட்டோ பிடித்து மாரடைப்பு என்று ஓடுகிறார்கள். இரண்டு பேரும் படுகிற பாடு ஒன்றுதான். அவர்களைப் பார்த்துச் சிரிப்பது நியாயமல்ல.

இந்தச் சுற்றை ஓரிடத்தில் வெட்டுவதே பீட்டா பிளாக்கரின் வேலை. 1966-ல் லண்டனில் கிரான்வில் கிராஸ்மன், டர்னர் என்ற இருவர் பதற்ற நோயாளிகளுக்கு ப்ரொப்ரனோலால் கொடுத்துப் பார்த்தார்கள். படபடப்பு குறைந்தது, மனதிலுள்ள கவலை அந்த அளவுக்குக் குறையவில்லை. இன்றுவரை நிலைமை ஏறக்குறைய அதுவே. மேடை ஏறும் பாடகருக்கும் வாத்தியம் வாசிப்பவருக்கும் கைநடுக்கத்தை அடக்க அது உதவுகிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் இரண்டு பதக்கம் வாங்கிய வட கொரிய வீரர் ஒருவர், ப்ரொப்ரனோலால் எடுத்தது தெரிந்து இரண்டையும் இழந்தார். ஆனால் நீண்டகாலப் பதற்ற நோய்க்கு இதை வழக்கமாகக் கொடுக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று 2016-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று காட்டியது. எனவே கவலைக்கு முதல் மருந்தாக இதை எழுதுவது சரியல்ல என்பதே எங்கள் எண்ணம். பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, வீட்டில் என்ன கஷ்டம், கடன் உண்டா, தூக்கம் வருகிறதா என்று கேட்பது முதல் மருந்து. மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடப் பழக்குவது இரண்டாவது.

அடக்குவதற்கு முன் விசாரிக்க வேண்டும்

பிராண்ட் தம்பதியரின் மகன் பால் பிராண்ட் கொல்லிமலையில் வளர்ந்தவர். பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளைச் செப்பனிட்டுப் பெயர் பெற்றார். அந்நோயாளிகளின் விரல்கள் அழிவதற்கு முக்கிய காரணம் சதை அழுகுவதல்ல, வலி தெரியாததே என்று அவர் எடுத்துக் காட்டினார். வலி ஓர் எச்சரிக்கை மணி. படபடப்பும் அப்படிப்பட்ட மணிதான். மணியின் நாக்கைக் கட்டிவிடுவது சுலபம். அது ஏன் அடித்தது என்று பார்க்காமல் கட்டிவிட்டால் ஆபத்து.

மலைக் கிராமத்திலிருந்து முப்பது வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பட படன்னு வருகிறது என்கிறாள். முதலில் அவள் கீழ் இமையை இறக்கிப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. செருப்பில்லாமல் காட்டு வேலை செய்கிறவர்களுக்குக் கொக்கிப்புழுவும் சேர்ந்துகொள்ளும். இரத்தம் குறைந்தால், இருக்கிற கொஞ்சத்தை வேகமாகச் சுற்றவிட இதயம் ஓடித்தான் ஆக வேண்டும். அந்த ஓட்டத்தை மாத்திரையால் தடுப்பது, கால் உடைந்தவனின் ஊன்றுகோலைப் பிடுங்குவதாகும். அவளுக்கு வேண்டியது இரும்புச் சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும்.

அடுத்துக் கழுத்தைப் பாருங்கள். நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறாளா, குளிரிலும் வேர்க்கிறதா, நீட்டிய விரல்கள் நடுங்குகின்றனவா? தைராய்டு அதிகம் சுரப்பதாக இருக்கலாம். இங்கே ப்ரொப்ரனோலால் நல்ல துணை. ஆனால் துணை மட்டுமே. தைராய்டுக்குத் தனி மருந்து வேண்டும்.

சிறு வயதில் தொண்டைவலியும் அதன்பின் மூட்டு வீக்கமும் வந்ததா என்று கேளுங்கள். முடக்குக் காய்ச்சல் இதயத்தின் வால்வைச் சுருக்கியிருக்கலாம். பிள்ளை உண்டாகும்வரை தெரியாமல் இருந்து, கர்ப்பத்தில் மூச்சிரைப்பும் படபடப்புமாக வெளிப்படும். இவளுக்கும் துடிப்பைக் குறைக்கப் பீட்டா பிளாக்கர் உதவும். ஆனால் எக்கோ எடுக்காமல், மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியைப் பற்றி யோசிக்காமல், “நரம்புத் தளர்ச்சி” என்று அனுப்பிவிட்டால் ஒரு தாயை இழக்க நேரிடும்.

காப்பி எத்தனை டம்ளர் என்றும் கேட்கத்தான் வேண்டும். தோட்டத்திலேயே காப்பி விளைகிற வீடுகளில் கணக்குப் பார்த்துக் குடிப்பதில்லை.

சுவிட்சைப் போட்டதுபோல் திடீரென்று 150-க்கு மேல் ஓடி, அதேபோல் திடீரென்று நிற்கிற துடிப்பு வேறு ரகம். அந்த நேரத்தில் இ.சி.ஜி. எடுத்தால்தான் பிடிபடும். இதற்கு மருத்துவமனையில் செய்யும் ஒரு எளிய முறையை 2015-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வு மேம்படுத்தியது. நோயாளி ஒரு வெற்று சிரிஞ்சுக்குள் 15 விநாடி அழுத்தி ஊத வேண்டும். உடனே அவரைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்திப் பிடிக்க வேண்டும். உட்கார்ந்து ஊதும் பழைய முறையில் 100-க்கு 17 பேருக்கு நின்ற துடிப்பு, இதில் 43 பேருக்கு நின்றது. செலவு ஒரு சிரிஞ்சு.

யாருக்குக் கொடுக்கக்கூடாது?

ஆஸ்துமாக்காரருக்குக் கொடுக்கக்கூடாது. பீட்டா வாசல்கள் மூச்சுக்குழாயிலும் உண்டு. ப்ரொப்ரனோலால் இதயத்தையும் மூச்சுக்குழாயையும் பிரித்துப் பாராமல் இரண்டையும் அடைக்கும். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற பிந்திய மருந்துகள் இதயத்தையே அதிகம் நாடுகின்றன. ஆனாலும் இளைப்பு உள்ளவருக்கு அவற்றையும் மருத்துவர் யோசித்தே கொடுப்பார். விறகடுப்புப் புகையில் வருடக்கணக்காகச் சமைத்த பெண்களுக்கு ஆஸ்துமா என்ற பெயரே தெரியாமல் இளைப்பு இருக்கும். “ஆஸ்துமா உண்டா?” என்று கேட்டால் “இல்லைங்க” என்பார்கள். “ராத்திரியில் நெஞ்சில் விசில் சத்தம் கேட்குமா?” என்று கேட்க வேண்டும்.

இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் இம்மருந்து மறைத்துவிடும். வேர்வை மட்டும் மறையாது. அதையே அடையாளமாக வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். நாடி ஏற்கெனவே மெதுவாக ஓடுகிறவர்களும் விலக வேண்டும். கை கால் சில்லிடுதல், அசதி, விசித்திரமான கனவுகள் சிலருக்கு வரும். மலைக் குளிரில் விரல் சில்லிடுவது சமவெளியைவிடத் தொந்தரவாக இருக்கும்.

இனி அந்த 70 வளைவுகள். இம்மருந்தைத் தினமும் எடுப்பவர் திடீரென நிறுத்தக்கூடாது. வாசல்களை வெகுநாள் அடைத்து வைத்தால் இதயம் புது வாசல்களைத் திறந்து வைத்துக்கொள்கிறது. அடைப்பை ஒரே நாளில் எடுத்தால் அட்ரினலின் வெள்ளமாய்ப் பாயும். படபடப்பு முன்னிலும் அதிகமாகும், இதய நோயாளிக்கு மாரடைப்பே வரலாம். நிறுத்துவதானால் ஒன்றிரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பட்டணத்தில் மாத்திரை தீர்ந்தால் தெருமுனைக் கடை இருக்கிறது. மழையில் பாதை சரிந்து பஸ் நின்றுபோனால் மலைமேல் என்ன செய்வது? அப்படியானால் மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்துவிடலாமா? அதிலும் சிக்கல் உண்டு. ப்ரொப்ரனோலாலை அளவுக்கு மீறி விழுங்கினால் வலிப்பும் இதய நிறுத்தமும் மிக வேகமாக வரும். இந்த அபாயம் போதிய அளவு உணரப்படவில்லை என்று 2020-ல் இங்கிலாந்தின் சுகாதாரப் பாதுகாப்பு விசாரணை அமைப்பு எச்சரித்தது. பதற்றத்தோடு மனச்சோர்வும் உள்ளவரின் வீட்டில் நிறைய மாத்திரைகளை விட்டுவைப்பது நல்லதல்ல.

இரண்டுக்கும் நடுவே வழி காண வேண்டியிருக்கிறது. ஒரு மாத மாத்திரை, அதோடு மழைக்காலத்தில் பத்து நாள் கூடுதல்; பொறுப்பான ஒருவர் கையில், குழந்தைகளுக்கு எட்டாத பெட்டியில் என்று வைத்துக்கொள்வது எங்களுக்குச் சரியாகப் படுகிறது. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகும் முறையைக் காட்டியது. மாதந்தோறும் ஒருவர் வாசலுக்கு வந்தால் மாத்திரையும் கிடைக்கும், ஆளும் கண்காணிக்கப்படுவார்.

வருகிறவர் நாடியை எண்ணத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கட்டை விரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டில், இரண்டு விரலை வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தாறுமாறான துடிப்பு தப்பிவிடும். மாத்திரை எடுப்பவரின் நாடி 50-க்குக் கீழே இருந்தால், அல்லது தலைசுற்றல், மயக்கம், மூச்சிரைப்பு, நெஞ்சுவலி இருந்தால், அன்றே செம்மேட்டு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். வீட்டில் ஒருவருக்காவது இதைக் கற்றுக்கொடுத்துவிட்டால், விநாடி முள் உள்ள ஒரு கடிகாரம் போதும்.