வியர்க்காத ஊரில் வியர்வைப் பாடம்

மே மாத விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்த அம்மாவை, மௌலா அலி குன்றின் மேலுள்ள தர்காவைக் காட்ட அழைத்துச் சென்றேன். "நம்ம ஊர் மாதிரி இங்கே வியர்ப்பதே இல்லையே!" என்று மகிழ்ந்தவர், பாதிப் படியில் கண் இருட்டுகிறது என்று உட்கார்ந்துவிட்டார்.

உண்மையில் அவருக்கு வியர்த்துக்கொண்டுதான் இருந்தது. வியர்வை தெரியவில்லை, அவ்வளவுதான். உயிர்மருத்துவப் பொறியியலில் வெப்பம், பொருள், திரவம் ஆகிய மூன்றின் ஓட்டத்தைப் படிக்கிறார்கள். மூன்றும் அந்தப் படியிலேயே இருந்தன.

முதலில் வெப்பம். சும்மா இருக்கும் உடலே சுமார் 100 வாட் பல்பு அளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. வெளியே 40 டிகிரி என்றால், காற்றிலிருந்தும் காய்ந்த பாறையிலிருந்தும் வெப்பம் உடலுக்குள் வரும். எஞ்சும் வழி வியர்வை ஆவியாவது ஒன்றே. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் நீங்கும்.

அடுத்து பொருள், அதாவது நீராவி. சென்னையின் ஈரக் காற்றில் வியர்வை எளிதில் ஆவியாகாமல் வழிகிறது. வழிந்த வியர்வை குளிர்ச்சி தராது. இங்குள்ள வறண்ட கோடைக் காற்றிலோ உடனே ஆவியாகிவிடுகிறது. தண்ணீர் ஊற்றும் கூலர் இங்கே குளிர்விப்பதும், சென்னையில் புழுக்கத்தைக் கூட்டுவதும் இதனால்தான்.

மூன்றாவது திரவம். வியர்வைக்கான நீர் இரத்தத்திலிருந்து வருகிறது. அது குறைந்தால் மூளைக்குச் செல்லும் இரத்தமும் குறைந்து தலை சுற்றும்.

இழந்த நீரை எப்படி மீட்பது? சிறுகுடலில் சர்க்கரையும் உப்பும் கைகோத்து உள்ளே நுழையும்போது நீரும் உடன் செல்கிறது. 1971-இல் வங்காள எல்லையிலுள்ள பன்காவ் அகதி முகாமில், காலரா நோயாளிகளுக்கு டாக்டர் திலீப் மகலனாபிஸ் இவ்வகைக் கரைசலைக் கொடுத்துப் பல உயிர்களைக் காத்தார். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கலக்க வேண்டும். உப்பு கூடவே கூடாது.

அம்மா நிழலில் படுத்து, இதைச் சிறிது சிறிதாகக் குடித்துத் தேறினார். ஆனால் உடல் கொதித்து, பேச்சு குழறினால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். உடலை நனைத்து விசிறியபடியே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்லி வையுங்கள்: இங்கே வியர்வையைப் பார்த்துத் தண்ணீர் குடிக்காதீர்கள், வெயிலைப் பார்த்துக் குடியுங்கள்.