கணக்கும் கீர்த்தனமும்: மேடை கண்ட பத்ராசல ராமதாஸர்

ஸ்ரீ:

உற்ஸவ காலங்களில் ஹரிகதையும் நாட்டிய நாடகமும் கண்டு களிக்கும் பாகவதர்களுக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பே. மேடையில் பாடி ஆடிக் காட்டப்பெறும் இப்பெரியவர் மெய்யாகவே வாழ்ந்தவர்தாமா? வாழ்ந்தவரெனில் இவ்வண்ணமேதான் வாழ்ந்தாரா? ப்ரஹ்லாதாழ்வானுடைய சரிதம் புராணமாதலின் அங்கு இவ்வினாவுக்கு இடமில்லை. பத்ராசல ராமதாஸரோ ஏறத்தாழ 350 ஆண்டுகளுக்கு முன் இந்நிலவுலகில் நடமாடியவர். அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். வரி வசூலித்துக் கணக்கு எழுதியவர். ஆகவே அவர் திறத்தில் இவ்வினாவைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

நேலகொண்டபல்லி என்னும் ஊரில் தோன்றிய கஞ்சர்ல கோபன்னா என்பதே அவருடைய இயற்பெயர். அக்காலத்தில் கோல்கொண்டாவை ஆண்டவன் தானீஷா எனப்பட்ட அபுல் ஹஸன். 1672இல் பட்டமேறி, 1687இல் ஔரங்கஜேபிடம் நாட்டை இழந்தவன். அவனுடைய மந்திரிகளாயிருந்த அக்கன்னா, மாதன்னா என்னும் ஸகோதரர்கள் கோபன்னாவுக்கு மாமன்மார். அத்தொடர்பால் அவர் தாசில்தாராகிக் கோதாவரிக் கரையிலுள்ள பத்ராசலப் பகுதியில் வரி வசூலித்தார். வசூலித்த பணத்தைக் கொண்டு எம்பெருமானுக்குத் திருக்கோயிலும் திருவாபரணங்களும் அமைத்தார். கஜானாவுக்குப் பணம் வந்து சேராமையால் கோல்கொண்டாச் சிறையில் அடைக்கப்பெற்றார். ஆறு லக்ஷம் வராஹன் என்றும் பன்னிரண்டு ஆண்டுச் சிறை என்றும் பெரியோர் கூறுவர். ஒரு நள்ளிரவில் ராம லக்ஷ்மணர்கள் இரு இளைஞர்களாய் அரசன் முன் தோன்றி, முழுத் தொகையையும் செலுத்தி, பற்றுச்சீட்டும் பெற்றுச் சென்றனர் என்பது கதையின் முடிவு.

இந்த வாழ்க்கையை மேடை ஏன் இவ்வளவு ஆவலுடன் பற்றிக்கொண்டது? மற்றப் பெரியோர் சரித்திரத்தை இசை நாடகமாக்க விழையும் கவி, பாத்திரத்தின் வாயில் வைக்கப் பாட்டுகளைத் தானே இயற்ற வேண்டும். கோபாலகிருஷ்ண பாரதியார் 1861ஆம் ஆண்டையொட்டி அச்சேறிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்கு அவ்வாறே செய்தார். சேக்கிழார் கூறாத வேதியர் என்னும் பண்ணைக்காரரையும் படைத்துச் சேர்த்தார். கேட்போர் உள்ளத்தில் இன்றும் நிற்பவர் அந்த வேதியரே! ராமதாஸர் கதைக்கு இத்தகைய உழைப்பு வேண்டியிருக்கவில்லை. கதாநாயகரே பாடகர், சிறையே அரங்கு. தெலுங்கில் அவர் பாடிய கீர்த்தனைகளைக் கதையின் போக்கில் நிறுத்திவிட்டால் பாதி நாடகம் தானே அமைந்துவிடும். மராட்டியரால் தஞ்சைக்கு வந்த ஸாகி, திண்டி, ஓவி முதலிய மெட்டுகளை இடையிடையே கோத்து, நம் பாகவதர்கள் இதனை நிரூபணமாக்கி ஊர்தோறும் நடத்தினர். ஸ்ரீ த்யாகராஜ ஸ்வாமிகளும் ராமதாஸரிடம் பேரன்பு பூண்டவர். தம் ப்ரஹ்லாத பக்தி விஜயத்தில் அவரைப் போற்றியிருக்கிறார்.

அப்பாடல்களில் ஒன்றனை மட்டும் இங்கே நோக்குவோம். அடி பொறுக்க மாட்டாத ராமதாஸர் ராமனிடம் செலவுக் கணக்கு ஒப்புவிக்கிறார். ஸீதாப் பிராட்டிக்குச் செய்த பதக்கத்திற்குப் பதினாயிரம் வராஹன் ஆயிற்று என்கிறார். பரதாழ்வானுக்குச் செய்த பச்சைப் பதக்கத்தையும் விடவில்லை. யார் வீட்டுப் பணத்தில் இப்படிக் குலுக்கித் திரிகிறாய் என்று ஏசவும் ஏசுகிறார். பின்னர், வலி தாளாமல் ஏசிவிட்டேன், பொறுத்தருள வேண்டும் என்று கெஞ்சுகிறார். உண்டியல் காசை எண்ணிக் குறிக்கும் ஒவ்வொரு முறையும் அடியேனுக்கு இப்பாட்டு நினைவுக்கு வருவதுண்டு. அவர் ஸமர்ப்பித்தனவாகப் போற்றப்பெறும் ஆபரணங்கள் பத்ராசலத்தில் இன்றும் இருக்கின்றன.

இனி, மேடை சேர்த்தவற்றைப் பார்ப்போம். கபீர்தாஸர் வந்து கோபன்னாவுக்குத் தாரக மந்த்ரம் உபதேசிப்பதாக ஒரு காட்சி வைப்பார்கள். கபீரோ அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முற்பட்டவர். சிறைவாஸக் கணக்கும் சற்று நெருக்கமானதே: தானீஷா ஆண்டதே பதினைந்து ஆண்டுகள், அதில் பன்னிரண்டைச் சிறைக்குக் கொடுத்தால், உத்தியோகம் பெறவும் வரி வசூலிக்கவும் கோயில் எழுப்பவும் மூன்றே ஆண்டுகள்தாம் எஞ்சும். மேல்நாட்டாரும் இதற்கு விலக்கல்லர். 1959இல் அமெரிக்காவில் அரங்கேறிய 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' என்னும் இசை நாடகத்தில் டிராப் குடும்பத்தார் மலையேறித் தப்புகிறார்கள். மெய்யாக அவர்கள் 1938இல் ரயிலேறி இத்தாலிக்குப் போனார்கள். ரயிலைவிட மலை பாட்டுக்கு ஏற்றது போலும்!

கால வழுக்களை அடியேன் பெரிதாகக் கொள்வதில்லை. தானீஷாவைக் கொடியவனாகக் காட்டுவதுதான் மனத்தை உறுத்துகிறது. பத்ராசலத்தில் ஸ்ரீராமநவமித் திருக்கல்யாணத்திற்கு அரசாங்கம் முத்துகள் ஸமர்ப்பிக்கும் வழக்கமே அவனால் தொடங்கியது என்று அவ்வூரார் சொல்லிவருகிறார்கள். அரசன் தன் வரிப்பணத்தைக் கேட்டான், அதில் பிழையென்ன?

ஸம்ஸ்க்ருத பாடசாலையில் வாசித்த நாளில், ஒரு கதாகாலக்ஷேபம் கேட்டு வந்த இரவு, "பிறர் பணத்தில் கோயில் கட்டலாமா?" என்று எங்கள் ஆசிரியரைக் கேட்டுவிட்டேன். கோபித்துக்கொள்வார் என்று அஞ்சினேன். அவரோ, "பாட்டைப் பார், நான் செலவழிக்கவில்லை என்று எங்கேனும் சொல்கிறாரா? ராமன்தான் வந்தானே, கடனைத் தள்ளுபடி செய்யச் சொன்னானா? எண்ணிக் கொடுத்துச் சீட்டு வாங்கினான்" என்றார். கதையே கடனை ஒப்புக்கொள்கிறது என்பது அன்றுதான் விளங்கிற்று. அந்தப் பற்றுச்சீட்டை வேடிக்கைக் காட்சியாக்கிச் சிரிக்கவைக்கும் குழுக்கள் உண்டு; அடியேனுக்கு அங்கே சிரிப்பு வருவதில்லை.

கருங்குழி உற்ஸவத்திற்கு வந்துள்ள அன்பர்கள் பலர் அண்மையிலுள்ள மதுராந்தகத்திற்கும் சென்று ஏரி காத்த ராமனை ஸேவிப்பர். அங்கும் வரி வசூலித்த அதிகாரி ஒருவரின் கதை உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜாகீர்க் கலெக்டராயிருந்த லியோனல் பிளேஸ் துரை, ஏரிக்கரை உடைபடாமல் நின்றால் தாயார் ஸந்நிதியைக் கட்டித் தருவதாகச் சொல்லி, அடைமழை இரவில் கரையைப் பார்க்கப் போனார். வில்லேந்திய இரு வீரர்கள் காவல் நிற்கக் கண்டார் என்பது ஐதிஹ்யம். கரை நின்றது; வாக்குத் தவறாமல் ஸந்நிதியும் கட்டுவித்தார். கோல்கொண்டாவில் இருவர், இவ்வேரிக் கரையில் இருவர்! ஆயினும் துரையின் சரிதம் கீர்த்தனமாக மேடையேறி அடியேன் கேட்டதில்லை. அவர் பாடி வைத்தது ஒன்றுமில்லை. ஸந்நிதியில் அவர் பெயரால் இத்தர்மத்தைக் குறிக்கும் கல்லெழுத்து மட்டும் இருக்கிறது. தாயாரை ஸேவிக்கும்போது அதனையும் ஒருமுறை வாசித்து வாருங்கள்.