ஸ்ட்ராபெரிக்கு மிளகு, ப்ளூபெரிக்கு மல்லி

கேள்வி: என் மகன் குன்னூரில் வேலை பார்க்கிறான். வீட்டுக்கு வரும்போதெல்லாம் இரண்டு பெட்டி ஸ்ட்ராபெரி வாங்கி வந்துவிடுகிறான். பார்க்க அழகாக இருக்கிறது, வாயில் போட்டால் புளிக்கிறது. மில்க் ஷேக் குடித்துக் குடித்துப் பேரப்பிள்ளைகளுக்கும் சலித்துவிட்டது. பால் பாயசத்தில் போட்டேன், திரிந்துபோனது. ஏலக்காய் தட்டிப் போட்டுக் கேசரி கிளறினேன், பழ வாசனையே காணோம். மருமகள் ப்ளூபெரி கேக் செய்தாள். பழத்தைச் சுற்றிலும் பச்சை பச்சையாக வந்துவிட்டது. பயந்துபோய்க் கொட்டிவிட்டோம். இந்தப் பழங்களோடு எதைச் சேர்த்தால் ருசிக்கும்? நம் சமையலுக்கு இவை ஒத்துவருமா?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதலில் அந்தக் கேக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைத் தாராளமாகச் சாப்பிட்டிருக்கலாம். ப்ளூபெரியின் தோலில் ஆந்தோசயனின் என்ற நிறமி இருக்கிறது. நாவல்பழத்தில் நம் நாக்கைக் கறையாக்குவதும் இதே வகை நிறமிதான். புளிப்பு பட்டால் அது சிவக்கும். ஆப்பச்சோடா பட்டால் நீலமாகி, அப்புறம் பச்சையாகும். மாவில் சோடா சற்றுக் கூடிப்போயிருக்கிறது, வேறொன்றுமில்லை. அடுத்த முறை சோடாவைக் குறைத்து, மாவைப் புளித்த தயிரில் கலக்கச் சொல்லுங்கள். உறைந்த பழமென்றால் உருக விடாமல், மாவைத் தட்டில் ஊற்றுவதற்குச் சற்று முன்னால் போட்டு இரண்டு கிளறு கிளறினால் போதும்.

பாயசம் திரிந்ததும் புளிப்பினால்தான். எலுமிச்சை பிழிந்து பன்னீர் எடுப்போமே, அதே வேலையைச் சூடான பாலில் ஸ்ட்ராபெரி செய்துவிட்டது. பாயசத்தை நன்றாக ஆறவைத்துக் குளிரவைத்தபின், பரிமாறும் நேரத்தில் பழத்தை மேலே போடுங்கள்.

நம் சமையலுக்கு ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் ஒத்துவரும். இந்தப் பழங்களை நம்மில் பலரும் முதலில் பார்த்தது கேக்கின் மேலும் ஐஸ்கிரீம் டப்பாவின் படத்திலும்தான். அதனால் சர்க்கரை, பால், க்ரீம் தாண்டி யோசிக்கத் தோன்றுவதில்லை. ஆனால் உங்கள் கையில் இருப்பது புளிப்பும் கொஞ்சம் இனிப்பும் நல்ல மணமும் உள்ள ஒரு பழம். மாங்காய்ப் பச்சடியும் அன்னாசிப் பச்சடியும் களாக்காய் ஊறுகாயும் செய்யத் தெரிந்தவருக்கு அதை என்ன செய்வது என்று ஏற்கெனவே தெரியும்.

எதோடு எது சேரும் என்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. மணத்தில் உறவுள்ளவற்றைச் சேர்ப்பது ஒன்று. உறவில்லாதவற்றைச் சேர்த்து, ஒன்றில் இல்லாததை மற்றதால் நிறைப்பது இன்னொன்று. 2011-ல் வெளியான ஓர் ஆய்வு, வட அமெரிக்கச் சமையல் குறிப்புகள் முதல் வழியில் சாய்வதையும் கிழக்காசியச் சமையல் அதைத் தவிர்ப்பதையும் காட்டியது. 2015-ல் ஜோத்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2,500-க்கும் மேற்பட்ட இந்தியச் சமையல் குறிப்புகளை அலசினார்கள். நாமும் பெரும்பாலும் இரண்டாம் வழிக்காரர்கள்தான் என்று தெரிந்தது. அதில் பெரிய பங்கு மசாலாப் பொருள்களுக்கு என்பதும் தெரிந்தது. உங்கள் அஞ்சறைப்பெட்டியை நம்பலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்ட்ராபெரிக்கு அதன் மணத்தைத் தருவதில் ஃபியூரனியால் என்ற பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. சர்க்கரைப் பாகு சிவக்கும்போது எழும் வாசனை அது. அன்னாசியிலும் தக்காளியிலும்கூட அது இருக்கிறது. ஆகவே அன்னாசிக்கும் தக்காளிக்கும் நீங்கள் செய்வதெல்லாம் ஸ்ட்ராபெரிக்கும் பொருந்தும். புளிக்கும் பழத்துக்கு நான் முதலில் சொல்வது பச்சடிதான். கால் கிலோ பழத்தைக் கழுவி, காம்பு நீக்கி, இரண்டாக நறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு வெடித்ததும் இரண்டு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு, பழத்தைச் சேர்த்து, கால் தேக்கரண்டி உப்புப் போடுங்கள். பழம் நீர் விட்டதும் மூன்று மேசைக்கரண்டி பொடித்த வெல்லம். நான்கைந்து நிமிடம் கொதித்தால் போதும், துண்டுகள் குழையாமல் முழுசாக நிற்கும்போதே இறக்கிவிட வேண்டும். மஞ்சள்தூள் வேண்டாம், நிறம் மங்கிவிடும். பெருங்காயமும் வேண்டாம், அது பழத்தின் மணத்தை அமுக்கிவிடும். இந்தப் பச்சடி தோசைக்கும் நன்றாக இருக்கும், கோழி வறுவலுக்கும் மட்டன் சுக்காவுக்கும் பக்கத்தில் வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும். அமெரிக்காவில் வான்கோழி இறைச்சிக்கு க்ரான்பெரி சாஸும், ஸ்வீடனில் இறைச்சி உருண்டைகளுக்கு லிங்கன்பெரி ஜாமும் வைப்பது இதே கணக்கில்தான். கொழுப்பின் கனத்தைப் புளிப்பு வெட்டிக் கொடுக்கிறது.

சமைக்காமல் சாப்பிடுவதென்றால் மிளகு. நறுக்கிய பழத்தில் இரண்டு தேக்கரண்டி நாட்டுச் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் தூவி அரை மணி நேரம் வையுங்கள். சர்க்கரை பழத்தின் நீரை வெளியே இழுத்து, தானே ஒரு பாகு ஆகிவிடும். சாப்பிடும்போது மிளகைக் கொரகொரப்பாக இடித்து மேலே தூவுங்கள். பொடித்து வைத்த பழைய மிளகுத்தூளில் காரம்தான் இருக்கும், மணம் இருக்காது. ஸ்ட்ராபெரிக்கு மிளகு சேர்ப்பது ஐரோப்பாவில் நெடுநாள் வழக்கம். இத்தாலியின் மோதெனா பக்கத்தில் திராட்சைச் சாற்றைக் காய்ச்சி, மரப் பீப்பாயில் ஊறவைத்து எடுக்கும் பால்சாமிக் வினிகரை ஸ்ட்ராபெரி மேல் சொட்டுவிட்டுச் சாப்பிடுவார்கள். அந்த விலைக்கு அதை வாங்கத் தேவையில்லை. கருப்பட்டிப் பாகில் இரண்டு சொட்டு கெட்டிப் புளிக்கரைசல் விட்டால் அதே புளி இனிப்பு, அதற்கு மேல் ஒரு புகை மணம். என் நாக்குக்கு இதுவே மேல்.

இனி உங்கள் கேசரி. ஏலக்காய் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் அது எங்கும் தானே முன்னால் நிற்கும். ரவையோடு வெந்ததில் ஸ்ட்ராபெரியின் மணம் பாதிக்கு மேல் ஆவியாகிவிட்டது. அந்த இடத்தில் ஏலக்காய் வந்து உட்கார்ந்துகொண்டது. ஏலக்காய் போடாமல் கிளறி, அடுப்பை அணைத்து, சூடு தணிந்தபின் பழத்துண்டுகளோடு ஒரு தேக்கரண்டி குல்கந்து சேர்த்துப் பாருங்கள். ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி, ப்ளாக்பெரி எல்லாமே ரோஜாவின் தாவரக் குடும்பம்தான். பாரிஸின் பெயர்பெற்ற இனிப்புக் கலைஞர் பியர் எர்மே, ரோஜாவையும் லிச்சியையும் ராஸ்பெரியையும் சேர்த்துச் செய்யும் இஸ்பஹான் என்ற கேக்குக்கே உலகெங்கும் பேர் வாங்கியவர். பச்சைக் கற்பூரத்தை மட்டும் இந்தப் பழங்கள் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

க்ரீமுக்குப் பதில் தேங்காய்ப்பால் விடலாம். ஸ்ட்ராபெரியில் லாக்டோன் என்ற வகையைச் சேர்ந்த மணப்பொருள் உண்டு. தேங்காய்க்கும் வெண்ணெய்க்கும் அந்த வழுவழுப்பான மணத்தைத் தருவதும் லாக்டோன்கள்தான். குளிரவைத்த முதல் பால், நாட்டுச் சர்க்கரை, ஊறிய ஸ்ட்ராபெரி, ஒரு சிட்டிகை உப்பு. பேரப்பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள்.

ப்ளூபெரிக்கு மல்லி விதை. வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் ப்ளூபெரி மணத்தில் ஒரு பங்கு லினலூல், மல்லி விதையின் எண்ணெயில் பெரும்பங்கும் அதுவே. மல்லியைச் சிவக்க வறுக்காமல் வாணலியில் சூடு காட்டி மட்டும் எடுத்துப் பொடியுங்கள். இருநூறு கிராம் பழத்துக்கு அரைத் தேக்கரண்டி, கொஞ்சம் சர்க்கரை, எலுமிச்சைத் தோல் துருவல். பழம் வெடிக்கும்வரை கொதிக்கவிட்டு இறக்கினால் கெட்டித் தயிரோடு அருமை. உலர்ந்த க்ரான்பெரி கடையில் சர்க்கரை சேர்த்தே வருகிறது. அதற்கு இனிப்பு வேண்டாம், தயிர்சாதத்தில் திராட்சைக்குப் பதில் போடலாம். நாவல்பழத்துக்கு உப்பு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துவர்ப்பை அது அடக்கும்.

ஒரு செய்தி மகனிடமும் சொல்லுங்கள். ஸ்ட்ராபெரி செடியிலிருந்து பறித்தபின் மேற்கொண்டு இனிக்காது. வீட்டில் வைத்தால் நிறம் ஏறலாம், இனிப்பு ஏறாது. காம்படியில் வெள்ளை இல்லாமல் தோள்வரை சிவந்த பழமாக, பெட்டியின் அடியில் ஈரக்கசிவு இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்கட்டும். கழுவி வைத்தால் பூசணம் பிடித்துவிடும், சாப்பிடும்போது கழுவினால் போதும். பச்சடியை எவர்சில்வரிலோ மண்சட்டியிலோ செய்யுங்கள். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் இந்தப் புளிப்புக்கு ஆகாது. கண்ணாடிப் பாட்டிலில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.