ஞானஸ்நானமும் குழந்தைப் பிரதிஷ்டையும்

இல்லத்திற் குழந்தை பிறந்தால் அதனைக் கடவுள் திருமுன் கொண்டுவந்து நன்றி செலுத்துதல் கிறிஸ்தவர் யாவர்க்கும் பொதுவான வழக்கமாம். ஆயின் அவ்வாறு கொணர்ந்த குழந்தைக்குச் செய்யத்தக்கது யாது என்பதில் நம்மவர் இருதிறப்படுவர். ஒருசாரார் உடனே ஞானஸ்நானம் கொடுப்பர். மற்றொரு சாரார் பிரதிஷ்டை மாத்திரம் செய்து, அப்பிள்ளை வளர்ந்து தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் நாள்வரை ஞானஸ்நானத்தை நிறுத்திவைப்பர். எம் ஊராகிய குடியாத்தத்தில் இவ்விரு வழக்கும் உண்டு. அக்காள் பிள்ளைக்கு ஒன்றும் தங்கை பிள்ளைக்கு மற்றொன்றும் நடைபெற்ற குடும்பங்களில், திருமணம் பேசுங்கால், "முன் பெற்ற ஸ்நானம் செல்லுமோ?" என்னும் வினா எழுந்து உறவைப் பிரித்தலும் கூடும். ஆதலின் இருதிறத்தார் கருத்தையும் நடுநின்று ஆராய்தல் நன்று.

இப்பகுதியில் 1853-ஆம் ஆண்டில் ஸ்கடர் சகோதரர் அமெரிக்க ஆர்க்காட்டு மிஷனை நிறுவினர். அவர்கள் சீர்திருத்தச் சபையைச் சார்ந்தோர். அம்மிஷனின் சபைகள் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் சேர்ந்தன. விசுவாசிகளின் மக்களும் கடவுளின் உடன்படிக்கைக்கு உட்பட்டவரே. பழைய உடன்படிக்கையில் எட்டாம் நாள் விருத்தசேதனம் இருந்தவாறே புதியதில் ஞானஸ்நானம் உளது என்பது சீர்திருத்தச் சபையார் கொள்கை. ஆம்பூரில் வேரூன்றிய லுத்தரன் சபையாரும் குழந்தைகட்கு ஸ்நானம் கொடுப்பர். எனினும் அவர்கள் முதன்மையாகக் கூறுங் காரணம் வேறு: கிருபை மனிதன் தேடிப் பெறுவதன்று, கடவுளே முந்திக் கொடுப்பது, ஒன்றும் ஈட்டவியலாத சிசுவே அதற்குத் தக்க சான்று என்பர். இவ்விரு சபைகளிலும் பிள்ளை வளர்ந்தபின் திடப்படுத்தலின்போது தன் வாயாலேயே அறிக்கை செய்கின்றது.

மற்றைச் சாராரின் வழக்கிற்கும் நெடிய வரலாறுண்டு. 1525-இல் சூரிக் நகரில் சிலர் குழந்தை ஸ்நானத்தை மறுத்து, விசுவாசித்தோர்க்கே அதனைக் கொடுக்கத் தொடங்கினர். பிற்காலத்தில் பாப்டிஸ்டு சபையாரும் பெந்தெகொஸ்தே சபையாரும் அக்கொள்கையையே கைக்கொண்டனர். எத்தியோப்பிய மந்திரி முதலிற் கேட்டான், பின்னரே நீரில் இறங்கினான் என்று இவர்கள் காட்டுவர். பிலிப்பி நகரச் சிறைக்காவலன் தன் வீட்டாரனைவரோடும் ஸ்நானம் பெற்றனனே என்று முன்னவர் விடையிறுப்பர். பிரதிஷ்டைக்கோ, அன்னாள் சாமுவேலை ஆண்டவருக்கு ஒப்படைத்ததே முன்மாதிரி.

இனிச் சொற்களை நோக்குவாம். "ஞானம் முன், ஸ்நானம் பின், ஆதலின் அறிவு வந்தபின்னரே ஸ்நானம்" என்று சொல்லைக் கொண்டே வாதிப்பாருமுளர். இது பொருந்தாது. ஞானப்பாட்டு, ஞானத்தாய், ஞானத்தகப்பன் என்னுமிடங்களில் ஞானம் என்பது கல்வியறிவைக் குறியாது, ஆவிக்குரியது என்னும் பொருளிலேயே நிற்கின்றது. அங்ஙனமே, கிரேக்க மூலச்சொல் அமிழ்த்துதலைக் குறித்தலின் முழுக்கே வேண்டும் என்னும் வாதமும் முற்றுப்பெற்றதன்று. நீர் குறைந்தவிடத்துத் தலையில் மும்முறை வார்த்தலை ஆதித்திருச்சபையின் 'டிடாக்கே' என்னும் நூல் அனுமதித்துள்ளது. ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் கௌண்டன்ய ஆற்றங்கரையினராகிய நமக்கு இதன் பொருத்தம் எளிதில் விளங்கும்.

மேலும், முதல் தலைமுறையைப் பொறுத்தமட்டில் இருசாரார்க்கும் பிணக்கில்லை. 1707-இல் தரங்கம்பாடியிற் சீகன்பால்கு ஐயரிடம் ஸ்நானம் பெற்ற ஐவரும், 1858-இற் சென்னையில் ஸ்நானம் பெற்ற கவிஞர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையும் கேட்டு விசுவாசித்தவரே. அன்னாரின் மக்களைக் குறித்தே வினா எழுகின்றது. 1970-இல் நாகபுரியில் அமைந்த வட இந்தியத் திருச்சபை இருவழக்கையும் ஒரே சபைக்குள் ஏற்றுக்கொண்டது. 1982-இல் பெரு நாட்டு லீமா நகரிற் பல சபைகளின் வேதவல்லுநர் கூடி வெளியிட்ட அறிக்கையும், ஞானஸ்நானம் ஒருமுறையே பெறற்குரியது என்று கூறி, இருசாராரும் ஒருவரையொருவர் மதிக்க வேண்டியது.

இவற்றான் அறியக்கிடப்பது யாது? ஒரு சடங்கு கிருபை முந்துவதைக் காட்டுகின்றது; மற்றொன்று விசுவாசம் பிறரால் இரவல் தரத்தக்கதன்று என்பதைக் காட்டுகின்றது. இரண்டும் மெய்யே. இரண்டிலும் குழந்தை வாய்திறப்பதில்லை. பெற்றோரும் சபையாருமே வாக்குக் கொடுக்கின்றனர். பிள்ளையை வேதத்தில் வளர்ப்போம், ஜெபிக்கக் கற்பிப்போம், நடக்கையால் வழிகாட்டுவோம் என்பதே அவ்வாக்கு. நீர் எவ்வளவு என்று வழக்காடும் நாம், அவ்வாக்கு எவ்வளவு நிறைவேறிற்று என்று வினவுதல் அரிது. சாலொமோன் கட்டிய ஆலயமும் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அன்றோடு அதன் வேலை முடிந்ததோ? அன்றன்றோ தொடங்கிற்று!

ஆதலின் மாணவ நண்பர்காள், நம்பொருட்டு நம் பெற்றோர் செய்த சடங்கு எதுவாயினும், அதனைக்கொண்டு அயலாரை இகழாதிருப்போமாக. அவர்கள் அன்று கொடுத்த வாக்கு நம் வாழ்வில் மெய்ப்படுமாறு ஒழுகுவோமாக.