பழைய த்ரீ நொட் த்ரீ: கோளாறு கப்பிலா, போல்ட்டிலா?

ருவான்வெல்லைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் காட்டுப்பன்றி விரட்டுகிறவர் கையில் இருப்பது பெரும்பாலும் பன்னிரண்டாம் நம்பர் சொட்கன்தான். ஆனாலும் .303 லீ என்ஃபீல்ட் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 1900இல் தொடங்கி 1949இல் கலைக்கப்பட்ட தோட்டத்துரைமார் ரைபிள் படை தூக்கியது அதைத்தான். 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் கேகாலை மாவட்டம் பற்றியெரிந்தபோது பொலிஸார் கையில் இருந்ததும் அதுவே. அப்படியொன்றை அனுமதிப்பத்திரத்தோடு பொறுப்பில் வைத்திருப்பவர்களுக்கே இந்தக் குறிப்பு.

துவக்கு வெறுமையாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு, முதலில் எண்களைப் பாருங்கள். போல்ட் கைப்பிடியில் வெட்டியிருக்கும் எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு போல்ட்டும் அந்தந்தத் துவக்குக்கென்றே அராவிப் பொருத்தப்பட்டது. களஞ்சியத்தில் துடைக்கக் கழற்றியபோது போல்ட் மாறிப்போனதால் வந்த கோளாறுகள் அநேகம். குழலில் உள்ள அளவு முத்திரையையும் பாருங்கள். இஷாப்பூரில் 7.62 தோட்டாவுக்குச் செய்த ரைபிளும் தூரப் பார்வைக்கு இதே உருவம்தான்.

அடுத்தது ஹெட்ஸ்பேஸ். .303 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு. அந்த விளிம்பு குழலின் பின்புறத்தில் உட்காரும் இடத்துக்கும் போல்ட் முகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் அது. கேஜ் வைத்துப் பார்க்கும்போது ஊசியையும் தோட்டா இழுப்பானையும் கழற்றிவிட்டு, போல்ட்டை ஒரு விரலால் மெதுவாகத் தள்ள வேண்டும். 0.064 அங்குலக் கேஜில் போல்ட் மூட வேண்டும், 0.074 அங்குலக் கேஜில் மூடக்கூடாது. இரண்டாவதிலும் மூடினால் அந்தத் துவக்கால் சுடவே கூடாது. நம்பர் 4 ரைபிளில் போல்ட் தலை 0 முதல் 3 வரை எண்ணிட்டு வரும். எண் கூடினால் தலை நீளும், இடைவெளி குறையும். பழைய நம்பர் 1இல் அந்த வசதி இல்லை. பொருந்தும் தலை கிடைக்கும்வரை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

கேஜ் இல்லாவிட்டால், ஊசி அடிக்கும் கப்பைக் கழற்றிய வெற்றுத் தோட்டாக் கோதின் விளிம்புத் தடிப்பை மைக்ரோமீற்றரால் அளந்து, அடியில் செலோடேப் ஒவ்வொரு படையாக ஒட்டி, போல்ட் இறுகத் தொடங்கும் மொத்தத் தடிப்பைக் குறித்துக்கொள்ளலாம். இது உத்தேசக் கணக்குதான். உயிர்த் தோட்டாவில் இதைச் செய்யாதீர்கள்.

இனிச் சுட்ட கோது. பலரும் பிழையாக வாசிப்பது இதைத்தான். கப் அடிமட்டத்துக்கு வெளியே பிதுங்கி நின்றால் இடைவெளி கூடியிருக்கலாம். ஆனால் கப் தட்டையாகிவிட்டால் மருந்து அதிகம் என்று உடனே முடிவுகட்டாதீர்கள். இடைவெளி கூடிய துவக்கில் கப் முதலில் பின்னால் பிதுங்கும், பிறகு கோது நீண்டு வந்து அதை மறுபடி உள்ளே அழுத்தும்; அப்போதும் அது தட்டையாகவே தெரியும். கோதின் அடிக்குச் சற்று மேலே பளபளவென்று வளையம் இருந்தால், முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் கோது அங்கே அறுந்துபோகும். ஆனால் சேற்றோடும் தோட்டா நுழையட்டும் என்று .303இன் தோட்டா அறையைத் தோள் பக்கம் தாராளமாகக் குடைந்திருக்கிறார்கள். அதனால் ஹெட்ஸ்பேஸ் சரியான துவக்கிலும் மறுபடி மறுபடி நிரப்பிய கோது அறுவதுண்டு.

கப்பில் ஆழமற்ற அடி விழுந்தால் காய்ந்த கிறீஸ், தளர்ந்த ஸ்பிரிங், குறைந்த ஊசி நீட்டம் ஆகியவற்றைப் பாருங்கள். ஊசி 0.040 முதல் 0.050 அங்குலம்வரை வெளியே வர வேண்டும். அதற்கு மேல் வந்தால் கப்பைத் துளைத்துவிடும். ஆழமான அடி விழுந்தும் வெடிக்காவிட்டால் கப்தான் செத்துவிட்டது. அப்படியான நேரம் துவக்கைப் பாதுகாப்பான திசையை நோக்கியே ஒரு நிமிடம் பிடித்திருங்கள். தாமதித்து வெடிப்பதும் உண்டு.

இங்கே ஓயாத மழை ஹெட்ஸ்பேஸைவிடக் கூடுதல் சேதம் செய்கிறது என்பது என் எண்ணம். பழைய இராணுவத் தோட்டாவின் கப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் எஞ்சும் உப்பு ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. அன்றைக்கே தோட்டா அறைப் பக்கமிருந்து கொதிநீர் ஊற்றிக் கழுவி, துணிவிட்டு நன்றாகக் காயவைத்து, பிறகு எண்ணெய் போடுங்கள். போல்ட் முகத்தையும் மறந்துவிடாதீர்கள்.

அளவு தவறிய துவக்கை வீட்டில் அராவிச் சரிசெய்ய முனைய வேண்டாம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டப்படி பழுதுபார்ப்பதற்கும் அனுமதி தேவை. 'சுடக்கூடாது' என்று ஒரு சீட்டைக் கட்டி, அனுமதி பெற்ற துப்பாக்கித் திருத்துநரிடம் ஒப்படையுங்கள்.